ஜெனரிக்ஸ் வரியை ஜாவாசி மறுத்தால்: பக் நம்முடையதா, கம்பைலருடையதா?

எக்லிப்ஸில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை, டெஸ்டுகள் எல்லாம் பாஸ். புஷ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் தானாக பில்ட் ஓட்டும் ஜென்கின்ஸ் சர்வரில் பில்ட் விழுந்து கிடக்கிறது. லாகைத் திறந்தால், ஜெனரிக்ஸ் (கோண அடைப்புக்குள் டைப் சொல்லும் வசதி) உள்ள ஒரு வரியைக் காட்டி, ஜாவாவின் கம்பைலரான ஜாவாசி முறைக்கிறது. டீம் சாட்டில் ஒருவர் "கம்பைலர் பக்" என்று எழுதுவார். இன்னொருவர் சத்தமில்லாமல் அந்த வரியைச் சுற்றி 'கேட்ச் த்ரோயபிள்' போட்டு மூடிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடுவார். இரண்டாமவரைத் தடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாமவர் சொல்வது சில சமயம் உண்மைதான். 2021-இல் ஓர் ஆராய்ச்சிக் குழு ஜாவா, ஸ்காலா, கோட்லின், க்ரூவி ஆகிய நான்கு மொழிகளின் கம்பைலர்களில் டைப் தொடர்பான 320 பக்குகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் அதிகம் தென்பட்டது, சரியான நிரலைக் கம்பைலர் மறுப்பதுதான். அடுத்த ஆண்டு ஹெஃபஸ்டஸ் என்ற கருவி வந்தது. அது தானே நிரல் எழுதி, ஜாவா, கோட்லின், க்ரூவி கம்பைலர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும். ஒன்பது மாதத்தில் 156 பக்குகளைப் பிடித்தது. பெரும்பாலானவை டைப் இன்ஃபெரன்ஸ் (நாம் எழுதாத டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிப்பது) மாதிரியான மையப் பகுதிகளில் இருந்தவை. ஆக, கம்பைலர் தப்பே செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எங்கள் டீமில் பில்ட் உடைந்தால் என்னிடம்தான் வரும். அப்படி "கம்பைலர் பக்" என்று வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஜாவாசி சொன்னதுதான் சரி. அதனால் நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன். நிரல் துண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

மறுப்பது எந்தக் கம்பைலர்?

சிரிக்காதீர்கள், பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். எக்லிப்ஸ் ஜாவாசியைப் பயன்படுத்துவதில்லை. அதற்கென்று ஈசிஜே என்ற சொந்தக் கம்பைலர் இருக்கிறது. விஎஸ் கோடின் ஜாவா எக்ஸ்டென்ஷனுக்கு அடியில் ஓடுவதும் எக்லிப்ஸின் ஜேடிடிதான், அதாவது ஈசிஜே இருக்கும் அதே கருவித் தொகுப்பு. இன்டெலிஜே எடிட்டரில் காட்டும் சிவப்பு அதன் சொந்த அனலைசர் சொல்வது. பில்ட் பட்டனை அழுத்தினால் ஜாவாசியைக் கூப்பிடும். மேவனும் கிரேடிலும் நீங்கள் வேறு ஏதும் சொல்லாவிட்டால் ஜாவாசிதான்.

ஆகவே இன்டெலிஜேயில் சிவப்பு, பில்ட் பாஸ் என்றால் ஜாவாசியைத் திட்டாதீர்கள். எக்லிப்ஸில் பாஸ், மேவனில் ஃபெயில் என்றால் இரண்டு வேறு கம்பைலர்கள் வேறு வேறு தீர்ப்புச் சொல்கின்றன. அதில் ஒன்றாவது தப்பாக இருக்க வேண்டும், ஆனால் தப்பு ஜாவாசியுடையது என்று அதிலிருந்தே முடிவுகட்ட முடியாது. கண்டிப்பாக மறுக்க வேண்டியதை ஈசிஜே விட்டுக்கொடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு.

கையோடு வெர்ஷனையும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் ஜேடிகே (ஜாவாசி அடங்கிய ஜாவா தொகுப்பு) 17 இருக்கும், ஜென்கின்ஸ் ஏஜென்ட்டில் யாரோ எப்போதோ போட்ட 8 இருக்கும். 'ஜாவாசி -வெர்ஷன்' என்பதை ஏஜென்ட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், ஜாவாஹோம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மேவனின் பாம் ஃபைலில் சோர்ஸ் லெவல் (எந்த ஜாவா பதிப்பின் விதிப்படி படிப்பது) இருக்கிறதா? இல்லாவிட்டால் மேவன் கம்பைலர் ப்ளகினின் பழைய வெர்ஷன்கள் 1.5 என்றே எடுத்துக்கொள்ளும். ஜாவா 7 லெவலில் 'நிபந்தனை ? கலெக்ஷன்ஸ்.எம்ப்ட்டிலிஸ்ட்() : பெயர்கள்' என்று எழுதி அதை லிஸ்ட்<ஸ்ட்ரிங்> மாறியில் போட்டால் மறுக்கும், 8-இல் ஏற்கும். இது பக் இல்லை. அந்தக் காலத்தில் விதியே அப்படி.

ஒரே எர்ர், இரண்டு காரணம்

நான் அடிக்கடி பார்க்கும் வரி இதுதான்:

ரெப்போ.ஃபைண்ட்(ஐடி).ஆர்எல்ஸ்த்ரோ(() -> நியூ ஆர்டர்மிஸ்ஸிங்(ஐடி))

ஆர்டர்மிஸ்ஸிங் ஒரு செக்டு எக்ஸெப்ஷன், அதாவது கேட்ச் செய்தோ த்ரோஸில் அறிவித்தோ ஆக வேண்டிய வகை. மெத்தட் தலைப்பில் 'த்ரோஸ் ஆர்டர்மிஸ்ஸிங்' என்று ஒழுங்காகவே போட்டிருக்கிறோம். ஆனாலும் ஜாவாசி சொல்கிறது: "அன்ரிப்போர்ட்டட் எக்ஸெப்ஷன் ஜாவா.லேங்.த்ரோயபிள், மஸ்ட் பி காட் ஆர் டிக்ளேர்ட் டு பி த்ரோன்."

த்ரோயபிளை யார் எறிந்தார்கள்? ஆர்எல்ஸ்த்ரோவின் அறிவிப்பைப் பாருங்கள். அதற்கு எக்ஸ் என்று ஒரு டைப் பராமீட்டர். எக்ஸ் என்பது த்ரோயபிளின் கீழ் ஏதாவது ஒன்று. மெத்தட் எறிவது அந்த எக்ஸை. லாம்டாவை, அதாவது அம்புக்குறி உள்ள அந்தச் சின்ன ஃபங்ஷனைப் பார்த்து எக்ஸ் என்பது ஆர்டர்மிஸ்ஸிங் என்று கம்பைலர் கண்டுபிடிக்க வேண்டும். எர்ரில் த்ரோயபிள் வந்தால், கண்டுபிடிக்காமல் மேல் எல்லையிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏன் நின்றது என்பதற்கு இரண்டு பதில்கள்.

முதல் பதில், ரா டைப். ரெப்போ.ஃபைண்ட் திருப்பித் தருவது ஆப்ஷனல்<ஆர்டர்> இல்லை, கோண அடைப்பே இல்லாத வெறும் ஆப்ஷனல் என்று வையுங்கள். ரா டைப்பின் மேல் ஒரு மெத்தடைக் கூப்பிட்டால், அந்த மெத்தடின் சொந்த டைப் பராமீட்டர்கள் உட்பட எல்லாமே இரேஷரில் (டைப் பராமீட்டரை அழித்து அதன் மேல் எல்லையை வைப்பது) போய்விடும். இது ஜாவா மொழியின் விதிப்புத்தகமான ஸ்பெக்கின் 4.8-ஆம் பிரிவு. எக்ஸ் என்பதே இல்லாமல் போய், 'த்ரோஸ் எக்ஸ்' இருந்த இடத்தில் 'த்ரோஸ் த்ரோயபிள்' நிற்கும். இங்கே ஜாவாசி மறுப்பது நூற்றுக்கு நூறு சரி.

"ரா டைப்பா? எங்கள் நிரலில் கிடையாது" என்று எல்லோரும் சொல்வார்கள். டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனும் அப்படித்தான் வந்து நின்றான்.

"அக்கா, அந்த வரில ரா டைப் எதுவுமே இல்ல. நானே பார்த்துட்டேன். கம்பைலர் பக்தான்."

"எக்ஸ்லின்ட் போட்டுப் பார்த்தியா?"

"இல்லக்கா, எர்ர்தான் வருதே, வார்னிங் எதுக்குன்னு..."

வார்னிங்குகளை விரிவாகக் காட்டச் சொல்லும் '-எக்ஸ்லின்ட்:ராடைப்ஸ்,அன்செக்டு' போட்டு ஓட்டினோம். எர்ருக்கு மேலே ஒரு வார்னிங் வந்தது: அன்செக்டு மெத்தட் இன்வொகேஷன். அவன் வரி 'யூட்டில்.ஃபர்ஸ்ட்(பழையடிஏஓ.ரோஸ்()).ஆர்எல்ஸ்த்ரோ(...)'. ஃபர்ஸ்ட் என்பது லிஸ்ட்<டி> வாங்கி ஆப்ஷனல்<டி> தரும் சுத்தமான ஜெனரிக் மெத்தட். ஆனால் ரோஸ்() என்பது ஜெனரிக்ஸ் வருவதற்கு முன்பு யாரோ எழுதியது, வெறும் லிஸ்ட் தருகிறது. அந்த வெறும் லிஸ்டை ஜெனரிக் மெத்தடுக்குக் கொடுக்கும்போது அன்செக்டு கன்வெர்ஷன் நடக்கிறது. அப்படி நடந்தால் அந்த மெத்தடின் ரிட்டர்ன் டைப்பும், எறியும் எக்ஸெப்ஷன் டைப்புகளும் இரேஷர் ஆக வேண்டும் என்கிறது ஸ்பெக். ஆப்ஷனல்<டி> வெறும் ஆப்ஷனலாகிவிட்டது; அதன் மேல் ஆர்எல்ஸ்த்ரோ; அங்கிருந்து த்ரோயபிள். அவன் வரியில் உண்மையிலேயே ரா டைப் எழுதப்படவில்லை. வேறொரு ஃபைலில் இருந்த ரா டைப் நடந்து வந்துவிட்டது.

ஜாவா 10-க்குப் பிறகு இதில் இன்னொரு தொல்லை: 'வார்' போட்டு வாங்கினால் ரா டைப் கண்ணுக்கே தெரியாது. ஜாவாவை வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஜேஷெல்லைத் திறந்து, கிளாஸ்பாத்தைக் கொடுத்து, ஃபீட்பேக்கை வெர்போஸில் வைத்து அதே வரியை ஒட்டுங்கள். "கிரியேட்டட் வேரியபிள் பி : ஆப்ஷனல்" என்று மொட்டையாக வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். 'ஆப்ஷனல்<ரோ>' என்று வந்தால் தேடலைத் தொடருங்கள்.

இரண்டாவது பதில், நிஜமான பக். ஜாவா 8-இன் ஆரம்பகால அப்டேட்களில், ரா டைப் எங்கேயும் இல்லாத சில சங்கிலிகளுக்கும் ஜாவாசி இதே எர்ரைக் கொடுத்தது. எக்லிப்ஸ் அதே நிரலை ஏற்றுக்கொண்டது. பிந்தைய 8 அப்டேட்களில் சரியாகிவிட்டது. அந்தப் பழைய அப்டேட் இன்னும் எத்தனை சர்வர்களில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆச்சரியமே வருவதில்லை.

எர்ர் வாசகம் ஒன்றேதான். வாசகத்தை மட்டும் கூகுளில் போட்டு, முதலில் வரும் பதிலை எடுத்தால் பாதி சமயம் தப்பான காரணத்துக்கு மருந்து போடுவீர்கள்.

சரியாகவே மறுக்கப்படும் இன்னொன்று

கம்பேரேட்டர்.கம்பேரிங்(இ -> இ.வயது()).ரிவர்ஸ்டு()

ரிவர்ஸ்டு இல்லாமல் ஓடும். ரிவர்ஸ்டு சேர்த்தால், ஆப்ஜெக்டில் வயது() என்ற மெத்தட் இல்லை என்று எர்ர். பார்த்தால் அப்பட்டமான பக் மாதிரி இருக்கும். பக் இல்லை. ஜாவா 8-க்கான ஜெப் 101 என்ற மாற்றத் திட்டம் இன்ஃபெரன்ஸை நிறைய விரிவாக்கியது: மெத்தடுக்கு ஆர்குமெண்டாகப் போகும் ஜெனரிக் அழைப்புக்கு வெளியிலிருந்து டைப் கிடைக்க வழி செய்தது. ஆனால் புள்ளி வைத்துச் சங்கிலியாகப் போகும்போது, வலப்பக்கத்தில் எதிர்பார்க்கும் டைப் இடப்பக்கத்துக்குத் திரும்பி வராது. அந்தப் பகுதியைக் கடைசியில் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பேரிங்(...) தனியாக நிற்கிறது, 'இ' யார் என்று சொல்ல ஆளில்லை, ஆப்ஜெக்ட் என்று முடிவாகிறது. லாம்டாவுக்குப் பதில் 'எம்ப்ளாயி::வயது' என்று எழுதுங்கள், அல்லது '(எம்ப்ளாயி இ) -> இ.வயது()' என்று டைப்பைச் சொல்லிவிடுங்கள், போதும்.

லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்>-இல் ஆட் செய்ய விடவில்லை, லிஸ்ட்<லிஸ்ட்<ஸ்ட்ரிங்>>-ஐ லிஸ்ட்<லிஸ்ட்<?>>-க்குக் கொடுக்க விடவில்லை என்பவையும் இதே வகை. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், தாண்டிப் போகிறேன்.

சுருக்குதல்

மேலே சொன்னது எதிலும் அடங்கவில்லையா? இப்போது வேலை ஆரம்பம். அந்த வரியைத் தனி ஃபைலுக்கு எடுத்து வர வேண்டும். ஸ்ப்ரிங் கிடையாது, மேவன் கிடையாது, ஒரே ஒரு ஜாவா ஃபைல்.

முதலில் லாம்போக்கைக் கழற்றுங்கள். கெட்டர், செட்டர் மாதிரியானவற்றைத் தானே எழுதித் தரும் லாம்போக் நூலகம், ஜாவாசியின் உள்ளுறுப்புகளில் கையை விட்டு வேலை செய்வது. அது இருக்கும்வரை "பக் யாருடையது" என்ற கேள்விக்கே பதில் கிடையாது. டீலாம்போக் ஓட்டி, விரிந்த நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற அனோட்டேஷன் ப்ராசசர்களுக்கு '-ப்ராக்:நன்'. இந்தக் கட்டத்திலேயே எர்ர் மறைந்துவிட்டால், தேட வேண்டிய இடம் வேறு.

பிறகு வெட்டத் தொடங்குங்கள். ஆர்டர், கஸ்டமர் என்ற உங்கள் கிளாஸ்களின் உள்ளே எதுவும் வேண்டாம்; 'இன்டர்ஃபேஸ் ஏ {}', 'இன்டர்ஃபேஸ் பி {}' போதும். மெத்தட் உடல்களை 'த்ரோ நல்;' ஆக்குங்கள். ஓட வைக்கப்போவதில்லை, கம்பைல் ஆகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். நூலகத்தின் ஆப்ஷனலைக்கூடத் தேவையான ஒரே மெத்தடுடன் நீங்களே அறிவித்துவிடலாம். எல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்: எக்ஸ்டெண்ட்ஸ் தேவையா, சூப்பர் தேவையா, இரண்டாவது டைப் பராமீட்டர் தேவையா, ஓவர்லோடு தேவையா.

ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் இரண்டு கம்பைலரையும் ஓட்டுங்கள். ஈசிஜேயை இதற்காக எக்லிப்ஸுக்குள் தேட வேண்டாம். மேவன் சென்ட்ரலில் ஒரே ஜார் ஃபைலாகக் கிடைக்கிறது. 'ஜாவா -ஜார்' போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் வேலை செய்யும். ஜாவாசி மறுக்க வேண்டும், ஈசிஜே ஏற்க வேண்டும், எர்ரும் பழைய அதே எர்ராக இருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் வழுக்குவார்கள். வெட்டும் வேகத்தில் ஒரு இம்போர்ட் போயிருக்கும், "கேனாட் ஃபைண்ட் சிம்பல்" வந்திருக்கும், "ஆகா, இன்னும் ஃபெயில் ஆகிறது" என்று வெட்டிக்கொண்டே போவார்கள். இதைத் தவிர்க்க '-எக்ஸ்டிராடயக்னாஸ்டிக்ஸ்' என்ற மறைவான ஆப்ஷன் இருக்கிறது ('எக்ஸ்ட்ரா' இல்லை; எக்ஸ்டி, ரா, டயக்னாஸ்டிக்ஸ் மூன்றும் சேர்ந்தது). ஜாவாசியின் சொந்த டெஸ்டுகள் பயன்படுத்துவது. வாசகத்துக்குப் பதில் 'கம்பைலர்.எர்ர்.அன்ரிப்போர்ட்டட்.எக்ஸெப்ஷன்.நீட்.டு.கேட்ச்.ஆர்.த்ரோ' என்ற மாதிரி ஒரு சாவியைத் தரும். அந்தச் சாவி மாறாதவரை சரியான பாதையில் இருக்கிறீர்கள். பின்னால் பக் டேட்டாபேஸில் தேடவும் அது உதவும்.

கையால் வெட்ட அலுப்பாக இருந்தால் பெர்ஸெஸ் என்ற கருவிக்கு ஜாவா இலக்கணம் தெரியும். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தால் அதுவே வெட்டித் தரும். எனக்குக் கையால் வெட்டுவதுதான் பிடிக்கும். எந்த வெட்டில் எர்ர் மறைந்தது என்று பார்க்கும்போதுதான் காரணம் பிடிபடும்.

பெரும்பாலும் இருபது வரிக்குள் வந்துவிடும். அந்த இருபது வரியைப் பார்த்ததும் "அட, நாமதானா" என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கம்பைலர் என்ன நினைத்தது, ஸ்பெக் என்ன சொல்கிறது

'-எக்ஸ்டயக்ஸ்:வெர்போஸ்' போடுங்கள். ஜாவா 8-இலிருந்து ஜாவாசி நீளமான எர்ர்களைச் சுருக்கித் தருகிறது. சுருக்கும்போது முக்கியமானதே போய்விடும். இதைப் போட்டால் எந்த மெத்தடை ஏன் ஒதுக்கியது என்று முழுதாகச் சொல்லும். அதுவும் போதாவிட்டால் '-எக்ஸ்டிவெர்போஸ்ரெசல்யூஷன்=ஆல்'. இது ஒவ்வொரு அழைப்புக்கும் என்னென்ன மெத்தட்களைப் பார்த்தது, எந்த டைப்பை வைத்து நிரப்பியது என்று கொட்டித் தள்ளும். பெரிய ப்ராஜெக்டில் இதைப் போட்டால் லாகில் மூழ்கிவிடுவீர்கள். இருபது வரி ஃபைலில் போட்டால் தங்கம்.

ஸ்பெக்கைத் திறக்கப் பயப்படாதீர்கள். ஜாவா 8 பதிப்பிலிருந்து இன்ஃபெரன்ஸுக்கென்று தனியாக 18-ஆம் அத்தியாயம் இருக்கிறது. முழுதாகப் படிக்கச் சொல்லவில்லை. உங்கள் இருபது வரியில் உள்ள ஒரே அழைப்பை மட்டும் எடுத்து, பேப்பரில் எழுதிப் போங்கள்.

நம் ஆர்எல்ஸ்த்ரோவையே செய்வோம். பராமீட்டர் டைப் சப்ளையர்<? எக்ஸ்டெண்ட்ஸ் எக்ஸ்>. கொடுத்தது, பராமீட்டரே இல்லாத லாம்டா. பராமீட்டர் இல்லாத லாம்டாவை எக்ஸ்ப்ளிசிட்லி டைப்டு என்றே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 15.27.1, ஆகவே அதன் ரிட்டர்ன் வெளிப்பாட்டை இன்ஃபெரன்ஸுக்குப் பயன்படுத்தலாம். ரிட்டர்ன் ஆவது ஆர்டர்மிஸ்ஸிங். ஆகவே ஆர்டர்மிஸ்ஸிங் என்பது எக்ஸின் கீழ் இருக்க வேண்டும். இது எக்ஸுக்கு ஒரு கீழ் எல்லை. கீழ் எல்லை இருந்தால் அதிலிருந்தே விடை: எக்ஸ் = ஆர்டர்மிஸ்ஸிங். முடிந்தது. இதற்குப் பின்னும் ஜாவாசி த்ரோயபிள் என்றால் அது ஜாவாசியின் தப்பு, உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு வேடிக்கையான விதியும் உண்டு. ஒரு டைப் பராமீட்டர் த்ரோஸ் பகுதியில் வந்து, அதற்கு வேறு தகவல் எதுவுமே இல்லாமல், மேல் எல்லைகள் எக்ஸெப்ஷன், த்ரோயபிள், ஆப்ஜெக்ட் என்ற அளவில் மட்டும் இருந்தால், அதை ரன்டைம்எக்ஸெப்ஷன் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 18.4. "ஏன் இங்கே மட்டும் கேட்ச் கேட்கவில்லை" என்று எப்போதாவது குழம்பியிருந்தால் இதுதான் காரணம்.

ஸ்பெக்கே தெளிவில்லாமல் இருந்த காலமும் உண்டு. ஜாவா 5, 6-இல் 'இன்ட் எண் = எடு();' என்று எழுதி, எடு() என்பது ஆர்குமெண்டே வாங்காமல் டி தரும் ஜெனரிக் மெத்தடாக இருந்தால், ஜாவாசி "நோ யூனிக் மேக்ஸிமல் இன்ஸ்டன்ஸ் எக்ஸிஸ்ட்ஸ்" என்று புலம்பும். டி-க்கு மேல் எல்லைகள் இன்ட்டும் ஆப்ஜெக்ட்டும். இன்ட்டுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாகக் கீழே என்ன இருக்க முடியும்? இன்ட்டை முதலில் இன்டிஜராக பாக்ஸ் செய்திருந்தால் பிரச்சினையே இல்லை. எக்லிப்ஸ் அப்படித்தான் செய்தது. 2011-இல் வந்த ஜாவா 7-இல் ஜாவாசி சரியானது. அந்தப் பதிப்பின் ஸ்பெக்கும் பாக்ஸ் செய்யச் சொல்லி வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அந்த எர்ரை இன்று பார்த்தீர்கள் என்றால் ஜெனரிக்ஸைவிடப் பெரிய கவலை உங்களுக்கு இருக்கிறது: யாரோ இன்னும் 6-இல் பில்ட் செய்கிறார்கள்.

கம்பைலரே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆகியோ, "அன் எக்ஸெப்ஷன் ஹாஸ் அக்கர்ட் இன் தி கம்பைலர்" என்றோ விழுந்தால், உங்கள் நிரல் சரியா தப்பா என்ற விசாரணையே வேண்டாம். தப்பான நிரலுக்கும் கம்பைலர் எர்ர் சொல்ல வேண்டுமே தவிர, தானே விழக்கூடாது. நேராக ரிப்போர்ட் செய்யலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: ஜாவா ஜெனரிக்ஸ் டூரிங் கம்ப்ளீட் என்று 2017-இல் ராடு கிரிகோர் நிரூபித்தார். அதாவது சப்டைப் சோதனை முடிவே இல்லாமல் ஓடும் வகையில் கிளாஸ்களை அறிவிக்க முடியும். உங்கள் நிரல் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. '-ஜே-எக்ஸ்எஸ்எஸ்' மூலம் ஸ்டாக்கைக் கூட்டிப் பாருங்கள், வெறும் ஆழமான சங்கிலி என்றால் ஓடிவிடும்.

இன்று மாலை ரிலீஸ் இருக்கிறது, என்ன செய்வது?

பக் கம்பைலருடையதே என்றாலும் பில்ட் பச்சையாக வேண்டும். சரியானது டைப்பைக் கையால் சொல்லிவிடுவதுதான். புள்ளிக்கும் மெத்தட் பெயருக்கும் நடுவில் கோண அடைப்புக்குள் டைப்பை வையுங்கள்:

ரெப்போ.ஃபைண்ட்(ஐடி).<ஆர்டர்மிஸ்ஸிங்>ஆர்எல்ஸ்த்ரோ(() -> நியூ ஆர்டர்மிஸ்ஸிங்(ஐடி))

இன்ஃபெரன்ஸ் செய்ய வேண்டிய வேலையே இல்லை, ஆகவே இன்ஃபெரன்ஸ் பக்கும் இல்லை. ரன்டைமில் எந்த வித்தியாசமும் வராது. சொந்த கிளாஸின் மெத்தட் என்றால் 'திஸ்.<இன்டிஜர்>எடு()' என்று திஸ் சேர்க்க வேண்டும். மொட்டையாக '<இன்டிஜர்>எடு()' என்றால் சின்டாக்ஸ் எர்ர். ஸ்டாட்டிக் மெத்தடுக்குக் கிளாஸ் பெயர்.

ரா டைப்பிலிருந்து வந்த கேஸில் இது பலிக்காது. மெத்தடே இரேஷர் ஆகிவிட்டதால் நீங்கள் எழுதும் டைப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதனால் இதை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: டைப்பைச் சொல்லியும் த்ரோயபிள் போகவில்லை என்றால் மறுபடி ரா டைப்பைத் தேடுங்கள்.

சங்கிலியை நடுவில் உடைத்து, முழு டைப்புடன் ஒரு லோக்கல் மாறியில் வாங்குவதும் நல்ல வழி. வார் போடாதீர்கள், டைப்பை எழுதுவதற்காகத்தானே உடைக்கிறோம். லாம்டா பராமீட்டருக்கு டைப் எழுதுவது பல சமயம் போதும். ஒன்றும் நடக்காவிட்டால் 'இஸ்ப்ரெசன்ட்' பார்த்து த்ரோ செய்யும் பழைய இஃப். அழகில்லை, ஆனால் எந்தக் கம்பைலரும் அதைத் தப்பாகப் படித்ததில்லை.

செய்யவே கூடாதவை: மெத்தட் தலைப்பில் 'த்ரோஸ் த்ரோயபிள்' போடுவது. அது வீட்டில் கரையான் மாதிரி, கூப்பிடுகிற மெத்தட், அதைக் கூப்பிடுகிற மெத்தட் என்று ஏறிக்கொண்டே போகும். 'கேட்ச் த்ரோயபிள்' அதைவிட மோசம். அவுட்ஆஃப்மெமரியையும் விழுங்கிவிட்டு "ஆர்டர் கிடைக்கவில்லை" என்று கஸ்டமரிடம் சொல்லும். மூன்றாவது, எர்ரை வாயடைக்க ரா டைப்புக்கு மாற்றி சப்ரஸ்வார்னிங்ஸ் ஒட்டுவது. இன்றைக்குப் போகும் எர்ர் வேறொரு நாள் ப்ரொடக்‌ஷனில் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷனாக வரும்.

சர்வரில் ஜாவா 8-ஐ மாற்றவே முடியாது என்று இன்ஃப்ரா டீம் கையை விரித்தாலும் கம்பைலரை மாற்றலாம். ஜேடிகே 17-இன் ஜாவாசியை எடுத்து '--ரிலீஸ் 8' என்று கொடுங்கள். 8-இல் ஓடும் கிளாஸ் ஃபைல்களே வரும், 8-இல் இல்லாத ஏபிஐயைத் தொட்டால் அங்கேயே பிடித்தும் விடும். இந்த ஆப்ஷன் ஜேடிகே 9-இலிருந்து இருக்கிறது. மேவனில் டூல்செயின்ஸ் மூலம் பில்டுக்கு மட்டும் புது ஜேடிகேயைக் காட்டலாம். பழைய ஜாவாசியின் பக்குகளில் பெரும்பகுதி இதிலேயே கழன்றுவிடும். பழைய ப்ராஜெக்டுகளில் நான் முதலில் செய்வது இதுதான்.

ரிப்போர்ட் செய்வது

முதலில் அந்த ஒரே ஃபைலை ஜேடிகே 8, 11, 17, 21, 25 என்று வரிசையாக ஓட்டுங்கள். பல ஜேடிகேக்களை மாற்றி மாற்றிப் போட உதவும் எஸ்டிகேமேன் இருந்தால் சட்டென்று முடிந்துவிடும். புதியதில் ஓடுகிறது என்றால் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள். ரிப்போர்ட் வேண்டாம், அப்டேட்தான் வேண்டும். 17-இல் ஓடி 21-இல் விழுந்தால் ரிக்ரெஷன், அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ரிக்ரெஷனுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. ஓபன்ஜேடிகேயின் பக் டேட்டாபேஸ் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது. அந்த எர்ர் சாவியையும் 'இன்ஃபெரன்ஸ்' என்ற சொல்லையும் போட்டுத் தேடுங்கள், உங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

புதிதாகப் பதிவு செய்ய வெளியாட்களுக்கு ஜாவா பக் ரிப்போர்ட் பக்கம் இருக்கிறது. பகுதி டூல்ஸ், உட்பகுதி ஜாவாசி. இருபது வரி நிரல், ஓட்டிய கமாண்ட் அப்படியே, 'ஜாவா -வெர்ஷன்' அவுட்புட், வந்த எர்ர், எந்தெந்த வெர்ஷனில் ஓடுகிறது, ஈசிஜே என்ன சொல்கிறது, ஸ்பெக்கின் எந்தப் பிரிவின்படி இது சரி. கடைசி ஒன்றைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை, ஆனால் பதில் கிடைப்பதே அதனால்தான். "எக்லிப்ஸில் ஓடுகிறதே" என்று மட்டும் எழுதினால் 'நாட் அன் இஷ்யூ' என்று மூடுவதற்கு எல்லா நியாயமும் அவர்களுக்கு இருக்கிறது. கம்பெனி நிரலை ஒட்டாதீர்கள். ஏ, பி என்று சுருக்கியதன் இன்னொரு பயன் அது. ஸ்பெக்கைப் பார்த்ததில் ஈசிஜேதான் தாராளமாக நடந்திருக்கிறது என்று தெரிந்தால் எக்லிப்ஸ் ஜேடிடி கோரின் கிட்ஹப்பில் பதியுங்கள். இன்டெலிஜே எடிட்டரின் பொய்ச் சிவப்பு அதன் பக் டிராக்கரான யூட்ராக்குக்குப் போக வேண்டும்.

பக் நம்பர் கிடைத்ததும், கையால் டைப் சொன்ன அந்த வரிக்கு மேல் ஒரு கமெண்ட்டில் அதை எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ரிவ்யூவில் யாராவது "இது தேவையில்லாதது" என்று இன்டெலிஜே காட்டும் சாம்பல் நிறத்தை நம்பி அழித்துவிடுவார்கள், பில்ட் மறுபடி விழும். இருபது வரி ஃபைலையும் ரெப்போவில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். எங்கள் ரெப்போவில் இப்படிப்பட்ட ஃபைல்களுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஜேடிகே மாற்றும் ஒவ்வொரு முறையும் ஜென்கின்ஸில் ஒரு தனி ஜாப் அவற்றை மட்டும் கம்பைல் செய்து பார்க்கும். அந்த ஜாபில் ஒரு ஃபைல் பாஸ் ஆனால் அதற்குரிய கமெண்ட்டைத் தேடி, கோண அடைப்பை எடுத்துவிட்டு, ஃபைலையும் அழித்துவிடுகிறோம்.